பள்ளிக்கூடச் சோறு தருமமா, பாத்தியதையா?

(ஓர் ஆரம்பப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசியது)



ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். "பள்ளிக்கூடத்தைச் சத்திரமாக்கலாமா?" என்று கேட்கிற கனவான்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏழைப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாததற்குத் தலையெழுத்து என்றார்கள். பூர்வ ஜன்ம வினை என்றார்கள். பரம்பரைப் புத்தி என்றார்கள். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பாடம் காதில் ஏறுமா என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தபோது நடந்ததென்ன?

1920ல் சர். பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பகலுணவு போடத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாள் செலவு ஓர் அணாவுக்கு மேற்படக் கூடாது என்பது ஏற்பாடு. பிறகு இன்னும் 4 பள்ளிக்கூடங்களுக்குப் பரவிற்று. 1922-23ல் 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25ல் 1,671 ஆனார்கள். இரண்டே வருஷத்தில் இத்தனை பேருடைய தலையெழுத்தும் மாறிவிட்டதா? அல்லது ஓரணாச் சோறு மாற்றிற்றா?

ஆனால், 1925 ஏப்ரல் 1ந் தேதி முதல் அந்தச் சோறு நின்றது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு செய்யக் கூடாது என்று அன்றைய சர்க்கார் மறுத்துவிட்டது. கணக்கில் ஒரு வரிதான் அடிபட்டது. பிள்ளைகளின் பசி அடிபடவில்லை.

தயவின் பேரில் கிடைப்பது, தயவு போனால் கூடவே போய்விடும். பாத்தியதையாகக் கிடைப்பதுதான் நிற்கும். 1956ல் காமராசர் ஆட்சியில் பகலுணவு நாடெங்கும் பரவத் தொடங்கிற்று. 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2001ல் உச்சநீதிமன்றம் எல்லா மாகாணங்களும் சமைத்த பகலுணவு தரவேண்டுமென்று உத்தரவிட்டது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளைகளின் பாத்தியதையாகவே ஆக்கிவிட்டது. போடத் தவறினால் அதற்குப் படி கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிற்று. இனி எந்தக் குமாஸ்தாவும் ஒரு பேனாக் கோட்டால் அதை நிறுத்திவிட முடியாது.

ஆனால், 2022 செப்டம்பர் 15ந் தேதி மதுரையில் தொடங்கி, 2023ல் தமிழ்நாட்டின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிய காலைச் சிற்றுண்டி அப்படியல்ல. 2013ம் வருஷத்துச் சட்டம் சொல்லுவது பகலுணவை மாத்திரமே. காலைச் சிற்றுண்டி சர்க்கார் உத்தரவின் பேரில் வந்தது. விடியுமுன் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு, பசி மத்தியானத்திற்காகக் காத்திருக்கிறதா? ஆகவே காலைச் சோற்றுக்கும் சட்டம் வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும்.

உபாத்தியாயர்களே! எந்தப் பிள்ளையையும் "சோற்றுக்கு வந்தவன்" என்று சொல்லாதீர்கள். தாய்மார்களே! பாடப் புத்தகத்தை வாங்குவது போலவே தலை நிமிர்ந்து தட்டை நீட்டும்படி உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அது யாருடைய தருமமும் அல்ல. உங்கள் உழைப்பிலும் வரியிலும் விளைந்த சோறு என்று சொல்லி, இம்மட்டோடு முடித்துக் கொள்ளுகிறேன்.