எக்ஸ் இல்லாத கணக்கு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் ‘இயக்கம்’ பாடம் நடத்தியபோது நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

தொடக்கத் திசைவேகம் 5, முடுக்கம் 3, இறுதித் திசைவேகம் 20 என்று கொடுத்து, காலம் கேட்டிருந்தேன். வி = யூ + ஏடி. ஒரு மாணவி வெறும் தாளைக் கொடுத்தாள். மெல்லக் கற்போர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்தேன். அதை வகுப்பிலேயே வாசிக்கவும் செய்தேன். அதன்பின் அவள் கை தூக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியர் திருத்திக்கொண்டிருந்த நோட்டு அவளுடையது. எட்டாம் வகுப்பு நேரிய சமன்பாடுகளை நினைவூட்ட அவர் கொடுத்த 10 கணக்கும் சரி. அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கணக்குல எக்ஸ் கண்டுபிடிப்போம் டீச்சர். இதுல எக்ஸே இல்லையே.”

5 + 3எக்ஸ் = 20 என்பதும் 5 + 3டி = 20 என்பதும் ஒன்றுதான் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏழு வருடமாகப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் நாங்கள். இன்கிரிமென்ட், தேர்தல் பணி எல்லாம் பேசியிருக்கிறோம்.

அன்று இரண்டு பாடநூல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். அறிவியலில் இயக்கம் 2-ஆம் அலகு. புள்ளி குறிக்கக் கற்றுத்தரும் ஆயத்தொலை வடிவியல் கணக்கில் 5-ஆம் இயல். திசைவேகம்-காலம் வரைபடத்தின் சாய்வுதான் முடுக்கம் என்று நான் ஒன்பதிலேயே சொல்கிறேன். நேர்க்கோட்டின் சாய்வு கணக்கில் பத்தாம் வகுப்பில்தான் வருகிறது. பிள்ளை எங்கே போவாள்?

கணக்கு ஆசிரியர் முதலில் தயங்கினார். காலாண்டுக்குள் அவர் பாடமும் முடிய வேண்டுமே! என் பாடவேளையில் இரண்டைக் கொடுத்தேன். வராந்தாவில் ஒரு பையனை நடக்கவிட்டு, 5 வினாடிக்கு ஒருமுறை சாக்பீஸால் கோடு போட்டு அளந்தோம். கரும்பலகையில் நான் வரைந்தேன். “டீச்சர், அளவுத்திட்டம்?” என்றார் கணக்கு சார். எழுதாமல் விட்டிருந்தேன். வகுப்பே சிரித்தது. 10 வினாடியில் 12 மீட்டர், அப்படியானால் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று கோட்டைப் பார்த்தே சொன்னார்கள்.

‘முடுக்கம்’ என்ற சொல்லைத் தமிழாசிரியை எடுத்துக்கொண்டார். மாட்டை முடுக்கி ஓட்டுவதை அவர் சொன்னதும் கடைசி பெஞ்சு நிமிர்ந்தது. நான் வரையறையைத்தான் ஒப்பிக்க வைத்திருந்தேன்.

எல்லா வாரமும் இது நடப்பதில்லை. ஓர் ஆசிரியர் விடுப்பு என்றால் எங்கள் ஏற்பாடு போய்விடும்.

பட்டியலிலிருந்து அந்த மாணவியின் பெயரை எடுத்தேன். தவறு என்னுடையது என்று வகுப்பில் வைத்தே சொன்னேன். அவள் உடனே கை தூக்கிவிடவில்லை. ஒளி பாடத்தில் ஆடிச் சமன்பாடு நடத்தும்போதுதான் தூக்கினாள்.

“இயக்கத்துல யூன்னா தொடக்கத் திசைவேகம்னீங்க. இப்ப யூன்னா பொருளோட தூரம்ங்கறீங்க. எது டீச்சர்?”

அன்று மாலை நானும் கணக்கு சாரும் மறுபடி உட்கார்ந்தோம்.