ரொட்டியும் கடலையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசிச் சென்ற மேடையில், ஆகாரத்தைப் பற்றிப் பேச ஒரு பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவை ஏற்றிவிட்டிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் நாற்பது குழந்தைகளுக்கு இடைவேளையில் ஆளுக்கு இரண்டு துண்டு ரொட்டியும் ஜாமும் கொடுத்து வருகிறோம். அதை மாற்றிக் கடலை கொடுக்கலாம் என்று ஒரு சாராரும், கடலை பித்தம், ரொட்டியே வயிற்றை நிறைக்கும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டதில் செயற்குழுவின் இரண்டு கூட்டங்கள் கழிந்துவிட்டன. "நீர் தினந்தோறும் மூட்டைகளை எடை போடுகிறவர், இதையும் எடை போட்டுச் சொல்லும்" என்று தலைவர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஆயினும் கணக்கு எழுதத் தெரியும் என்னும் துணிவில் நிற்கிறேன்.

வயிறு நிறைவது ஒன்று. பசி அடங்கி இருப்பது மற்றொன்று. இவ்வேறுபாட்டை முதலில் எனக்குக் கற்பித்தது எந்த நூலும் அன்று. என் ஊர்ச் சமையலறையே ஆகும்.

என் சொந்த ஊர் ஒற்றசேகரமங்கலம். நெய்யாற்றின்கரையிலிருந்து மலையோரம் நோக்கிச் செல்லும் பக்கத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கு விழுந்தபோதிலும், கோட்டின் இருபுறத்துச் சட்டிகளிலும் வெந்தது ஒரே பொருள்தான். மரச்சீனிக் கிழங்கு. உங்களில் பலர் மரவள்ளி என்பீர்கள்.

திருவிதாங்கூரில் இக்கிழங்கைப் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அவர் செய்த காரியத்தின் அருமை 1942இல் விளங்கிற்று. பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அன்று எங்கள் பக்கத்து ஏழை மக்களைக் காப்பாற்றியதில் மரச்சீனிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் வெந்த கிழங்கு நூறு கிராமில் புரதம் இரண்டு கிராம்கூடத் தேறாது. வெறுங்கிழங்கைத் தின்றவன் வயிறு முட்ட எழுந்திருப்பான். ஆனால் உடம்பு தேறாது. இதை எந்த விஞ்ஞானியும் வந்து எங்களுக்குச் சொல்லவில்லை. எங்கள் பாட்டி, மீன்குழம்பு இல்லாமல் கிழங்கு பரிமாறமாட்டாள். மீன் கிடையாத நாளில் தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்தாவது வைப்பாள். "சீனி வயித்த நெறைக்கும், மீனுதான் ஆள நிறுத்தும்" என்பது அவள் வாக்கு.

இனி நம் காலனிக்கு வருவோம். கல்யாணுக்கு வந்து குடியேறிய நம்மவர் பாவ் ரொட்டியை மரச்சீனியின் இடத்தில் வைத்துக்கொண்டோம். மீனின் இடத்தில் எதையும் வைக்கவில்லை. தகராறு முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். வெள்ளை ரொட்டி நூறு கிராம், அதாவது ஏறக்குறைய நான்கு துண்டு, சுமார் 265 கலோரி தருகிறது. புரதம் ஒன்பது கிராம், நார்ச்சத்து இரண்டரை கிராம் அளவில் இருக்கும். அதே நூறு கிராம் நிலக்கடலையில் 567 கலோரி, புரதம் 25 கிராமுக்கு மேல், நார்ச்சத்து எட்டரை, கொழுப்பு 49 கிராம். இந்தக் கடைசி எண்ணைக் கண்டுதான் எதிர்க்கட்சியார் அஞ்சுகின்றனர். அச்சம் முற்றிலும் தவறன்று. ஆகவே எடைக்கு எடை ஒப்பிடுவது நியாயமாகாது. கலோரிக்குக் கலோரி ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன்னா ஹோல்ட் என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். முப்பத்தெட்டு உணவுப் பண்டங்களை, ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவுக்கு நிறுத்து, மாணவர்களுக்கு உண்ணக் கொடுத்தனர். கால் மணிக்கு ஒருமுறை, இரண்டு மணி நேரம் வரை, வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டனர். வெள்ளை ரொட்டிக்கு நூறு மதிப்பெண் என்று வைத்து மற்றவற்றை அளந்தனர். அவித்த உருளைக்கிழங்கு 323 பெற்று முதலிடம் பிடித்தது. முழுக்கோதுமை ரொட்டி 157. வெள்ளைச் சோறு 138. நிலக்கடலை எவ்வளவு? வெறும் 84!

கடலைக் கட்சி அன்பர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டும். 240 கலோரி ரொட்டி என்றால் தொண்ணூறு கிராம். கடலை என்றால் நாற்பத்திரண்டு கிராம், அதாவது ஒரு கைப்பிடியும் சற்று மேலும். தொண்ணூறு கிராமுக்கு முன்னால் நாற்பத்திரண்டு கிராம் வயிற்றில் இடத்தை அடைப்பது எங்ஙனம்? தண்ணீரும் நாரும் மிகுந்து, கலோரிக்கு எடை கூடின பண்டமே உடனடியாக வயிற்றை நிறைக்கும். உருளைக்கிழங்கின் வெற்றி அதுதான். எனவே, உண்டவுடன் வயிறு நிறைந்த உணர்ச்சியைத் தருவதில் ரொட்டி சற்று மேல் என்று ரொட்டிக் கட்சியார் சொல்வது உண்மையே. ஒப்புக்கொள்வோம்.

ஆனால் அந்தக் கடிகாரம் இரண்டு மணியோடு நின்றுவிட்டது. நமக்கு வேண்டுவது அதற்குப் பிறகு என்ன என்பது. வெள்ளை ரொட்டியின் மாவுச்சத்து விரைவில் சர்க்கரையாக இரத்தத்தில் ஏறுகிறது. குளுக்கோஸை நூறு என வைத்த அளவையில் ரொட்டி ஏறக்குறைய 75. நிலக்கடலை இருபதுக்கும் கீழ். இரவுப் பணி பார்க்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? இரண்டு மணிக்குப் பன்னும் தேநீரும் உண்டால், நான்கு மணிக்குக் கை மறுபடியும் பன்னைத் தேடுகிறது. காலனியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறோம் என்பதை இந்த மேடையில் கைதூக்கச் சொல்லிக் கேட்க நான் விரும்பவில்லை.

கடலை தின்றால் பருத்துவிடுவோமா என்பதையும் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தார் சோதித்திருக்கின்றனர். 2002இல் வெளிவந்த ஆராய்ச்சி அது. நாள்தோறும் சுமார் 500 கலோரிக்குரிய கடலையைக் கொடுத்து, மற்றபடி விருப்பம்போல் உண்ணலாம் என்று எட்டு வாரம் விட்டுவிட்டார்கள். கணக்குப்படி 3.6 கிலோ ஏறியிருக்க வேண்டும். ஏறியது ஒரு கிலோதான். கடலை தின்றவர்கள் தாமாகவே பிற உணவைக் குறைத்துக்கொண்டது ஒரு காரணம். மென்றும் உடையாத கடலைத் துணுக்குகளுக்குள் சிக்கிய எண்ணெயில் ஒரு பகுதி செரியாமலே கழிந்துவிடுவது மற்றொன்று. ஆனால் ஒரு கிலோ ஏறத்தான் செய்தது என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பிடி என்றால் கைப்பிடிதான். தொலைக்காட்சி முன் அமர்ந்து பொட்டலம் பொட்டலமாகக் காலி செய்வதற்கு நான் சான்று வழங்க மாட்டேன்.

ரொட்டியை இழித்துப் பேசுவதாக எவரும் எண்ணலாகாது. கோதுமையின்மேல் குற்றமில்லை. இதற்குச் சான்று நம் நீலகிரியிலேயே உண்டு. குன்னூரில் சர் ராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1920களில் எலிகளுக்கு வெவ்வேறு மக்களின் உணவைக் கொடுத்து வளர்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக்காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், டப்பா இறைச்சி, சர்க்கரை போட்ட தேநீர் என்று இங்கிலாந்து ஏழைகளின் உணவை உண்டவை குன்றிப்போய், ஒன்றையொன்று கடித்துக் குதறின. இரண்டிலும் தானியம் கோதுமைதான் என்பதைக் கவனியுங்கள். வரிசையில் நம் சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாடு கடைசியில் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சங்கத்தில் மறைப்பானேன்? குன்னூரில் தொடங்கிய அந்த நிலையந்தான் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 2024இல் அது வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உண்பவருக்குத் தானியம் 250 கிராம், கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம் என்று இரண்டுக்குமே தட்டில் இடம் வைத்திருக்கிறார்கள்.

"கடலை என்ன, முந்திரியே கொடுக்கலாமே" என்று ஓர் அன்பர் பெருந்தன்மையோடு கூறினார். முந்திரியை எங்கள் பக்கத்தில் அண்டி என்போம். போர்ச்சுகீசியர் கொண்டுவந்தமையால் மலையாளத்தில் மரத்துக்குப் பறங்கிமாவு என்று பெயர். நிலக்கடலைக்கோ கப்பலண்டி என்று பெயர். கடல் கடந்து வந்த இரண்டில், ஒன்று ஆளின் பெயரைப் பெற்றது, மற்றது கப்பலின் பெயரைப் பெற்றது. முந்திரித் தொழிற்சாலையை அண்டி ஆபீஸ் என்றே எங்கள் மக்கள் அழைப்பர். அங்கே ஓடு உடைக்கும் பெண்களின் விரல்கள் அந்த ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்துப் புண்ணாகிவிடும். ஒரு ராத்தலுக்கு 320 பருப்பு என்று தரம் பிரித்துப் பெட்டியில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் வீட்டுக்கு வந்து உண்டது மரச்சீனியே. அதுபற்றிப் பேசினால் வேறொரு சொற்பொழிவாகிவிடும். இங்கு வேண்டியது இவ்வளவே: நூறு கிராம் முந்திரியில் புரதம் 18 கிராம், கடலையில் 25, ஒரு கிலோ முந்திரி விலையில் நான்கைந்து கிலோ கடலை வாங்கலாம். சங்க நிதியின் நிலைமையைப் பொருளாளர் அறிவார்.

கடலையையும் கிழங்கையும் சேர்த்து உண்ணும் வித்தையை அண்டை வீட்டு மராட்டியத் தாய்மார்களிடம் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் அவர்கள் செய்யும் சாபுதாணா கிச்சடி என்ன? ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கின் மாவு. பெரும்பாலும் நம் சேலத்திலிருந்து வருவது. அதில் வறுத்துப் பொடித்த கடலையைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். நாள் முழுவதும் விரதம் இருப்பவருக்கு அது தாங்குகிறது. எங்கள் பாட்டியின் கிழங்கும் மீனும், மீனைக் கைவிட்டுக் கடலையைப் பிடித்துக்கொண்டு கல்யாணுக்கு வந்தாற்போல் இருக்கிறது எனக்கு!

ஆகவே என் யோசனை, ரொட்டியை அடியோடு நிறுத்துவது அன்று. ஆளுக்கு ஒரு துண்டு முழுக்கோதுமை ரொட்டி. நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் பொட்டலத்தில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். ஜாமுக்குப் பதிலாக அவித்த கடலை. அவித்தது என்று சொல்வதில் காரணம் உண்டு. வேகும்போது கடலை தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய இரட்டிப்பு எடை ஆகிறது, கலோரி கூடுவதில்லை. சிட்னி அம்மையாரின் சோதனையில் கடலை தோற்ற இடம் இந்த எடைதான் அல்லவா? தோலோடு அவித்தால் உரித்து உரித்துத் தின்ன வேண்டியிருப்பதால் பிள்ளைகள் அவசரப்படவும் இயலாது.

சில எச்சரிக்கைகள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்ததே காரணம் என்று தெரிந்து, அந்த நஞ்சுக்கு அஃப்லடாக்ஸின் என்று பெயரிட்டனர். நம் ஊர் மழைக்காலத்தில் மூட்டையாக வாங்கி அடுக்கக் கூடாது. வாராவாரம் வாங்க வேண்டும். சுருங்கியது, கசப்பது, பூத்தது எதையும் எறிந்துவிட வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக்கடலை கூடவே கூடாது. மூச்சுக்குழலில் போய் அடைக்கும். அவர்களுக்கு மசித்தோ பொடித்தோ தரலாம். கடலை சிலருடைய உடம்புக்கு ஒவ்வாது. தடிப்பு, மூச்சுத் திணறல் வரை போகும். அத்தகைய குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், தாய்மார்கள் கூச்சப்படாமல் இன்றே செயலாளரிடம் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். அக்குழந்தைக்கு வாழைப்பழமும் பொரிகடலையும் தனித் தட்டில் வைப்போம். வைக்கும் கை கடலை தொட்ட கையாக இருக்கலாகாது.

ஆளுக்கு 25 கிராம் பருப்பு என்றால் நாற்பது பேருக்கு ஒரு கிலோ; தோலோடு வாங்கினால் ஒன்றரை கிலோ. சங்கத்துப் பொங்கல் அண்டா ஸ்டோர் அறையில் சும்மா கிடக்கிறது. சனிக்கிழமை இரவு எனக்குப் பணி இல்லாத வாரங்களில் அவிக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்ற வாரங்களுக்கு யார் முன்வருகிறீர்கள் என்பதைக் கூட்டம் கலைவதற்கு முன் தலைவர் அவர்களிடம் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.