பாட்டுக்கு வேலி போட முடியாது

(கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அடுத்த தொழிலாளர் குடியிருப்பில், பொங்கல் கலை இரவுக்கான ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொங்கல் கலை இரவை எப்படி நடத்துவது என்று முடிவு செய்யக் கூடியிருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் நான் அயர்லாந்து தேசத்து இசை விழாவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் சிரித்தார்கள். “கும்மிடிப்பூண்டிக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒருவர் கேட்டே விட்டார். நியாயமான கேள்வி.

சென்ற கூட்டத்தில் இங்கே ஒரு வாதம் நடந்தது. “பீகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்கு நம் மேடையில் இடம் எதற்கு? பொங்கல் தமிழன் பண்டிகை. அவர்கள் பாட்டு நமக்குப் புரியவா போகிறது?” என்று ஒரு சாரார் சொன்னார்கள். “ஒரே உலையில் வேகிறோம், மேடையில் மட்டும் எப்படிப் பிரிவது?” என்று மற்றொரு சாரார் சொன்னார்கள். முடிவு ஏற்படவில்லை. அந்த வாதத்துக்குத்தான் இன்று அயர்லாந்தின் கதையைச் சாட்சியாகக் கொண்டு வந்திருக்கிறேன். நான் மெட்ரிக்குலேஷன் வரை படித்தவன். அந்த நாட்டைக் கண்ணால் கண்டவனில்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தெருவே மேடை

அயர்லாந்தில் ஆண்டுதோறும் ‘பிளா கியோல்’ என்று ஒரு விழா நடக்கிறது. அவர்கள் பாஷையில் இசைத் திருவிழா என்று பொருள். 1951ல் முல்லிங்கார் என்ற சிறு பட்டணத்தில் முதல் விழா நடந்தது. வந்தவர்கள் சில நூறு பேர். இன்றோ பல லட்சம் பேர் கூடுகிறார்கள். ஒரே ஊரில் நிலையாக நடப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊர் மாறுகிறது. அந்தந்த ஊரே ஒரு வார காலம் மேடையாகி விடுகிறது.

விழாவில் போட்டிகள் உண்டு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடங்கி, 18 வயதைத் தாண்டிய பெரியவர்கள் வரை நான்கு பிரிவுகள். மாவட்டத்தில் வென்று, மாகாணத்தில் வென்று, பிறகுதான் இங்கே வர முடியும். ஆனால் விழாவின் உயிர் போட்டியில் இல்லை, தெருவில் இருக்கிறது. நாலு பேர் ஒரு மூலையில் உட்கார்ந்து பிடிலையும் புல்லாங்குழலையும் எடுக்கிறார்கள். முன்பின் தெரியாத ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்து கொள்கிறான். டிக்கெட் இல்லை, திரை இல்லை. பத்து வயதுச் சிறுமியும் எழுபது வயதுக் கிழவரும் ஒரே மெட்டை வாசிக்கிறார்கள்.

‘பௌரான்’ என்று அவர்களுக்கு ஒரு தோல் கருவி உண்டு. வட்டமான மரச் சட்டம். ஒரு பக்கம் ஆட்டுத்தோல். ஒரு கையில் பிடித்துக்கொண்டு சிறு குச்சியால் அடிப்பார்கள். படத்தைப் பார்த்தால், ‘நம் ஊர்ப் பறையின் தம்பி போலிருக்கிறதே’ என்று சொல்வீர்கள்!

தடை செய்யப்பட்ட பாட்டு

இந்த விழா ஏன் பிறந்தது? அந்தச் சங்கீதம் சாகக் கிடந்ததால் பிறந்தது.

அயர்லாந்து பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் காலடியில் கிடந்த நாடு. 1366லேயே, ஐரிஷ் பாணர்களைத் தங்கள் குடியேறிகள் ஆதரிக்கக் கூடாது என்று ஆங்கில ஆட்சியாளர்கள் சட்டம் போட்டார்கள். வயிற்றைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறவன் பாட்டுக்கு எதிராகச் சட்டம் போடுவானா? அடிமைப்படுத்த வந்தவனுக்குப் பாட்டின் பலம் தெரிந்திருந்தது.

1792ல் பெல்பாஸ்ட் நகரில் நாட்டுப்பற்று மிக்கவர்கள் ஒரு கூட்டம் கூட்டினார்கள். நாடெங்கும் தேடியதில் யாழ் வாசிக்கும் ஐரிஷ்காரர்கள் பத்தே பேர்தான் வந்தார்கள். பலர் கண் பார்வை அற்றவர்கள். ஒருவருக்கு வயது ஏறக்குறைய 97. நகத்தால் கம்பியை மீட்டும் பழைய முறை அவர் ஒருவரிடமே மிஞ்சியிருந்தது. எட்வர்ட் பண்டிங் என்ற 19 வயது வாலிபன் அருகில் அமர்ந்து மெட்டுகளை எழுதிக்கொண்டான். அன்று அவன் எழுதியிராவிட்டால் அவற்றில் பல அந்தக் கிழவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

வெள்ளையன் போன பிறகாவது பாட்டுக்கு விடுதலை கிடைத்ததா? இல்லை தோழர்களே! 1922ல் சொந்த சர்க்கார் வந்தது. நாணயத்தில் யாழ்ச் சின்னத்தைப் பொறித்தது. அதே சர்க்கார் 1935ல், லைசென்ஸ் இல்லாமல் பொது நடனம் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. பாதிரிமாரும் போலீசாரும் அந்தச் சட்டத்தைக் காட்டி, ஏழைக் குடியானவன் வீட்டுக் கூடத்தில் பிடில் வாசித்து ஆடுவதையே முடக்கினார்கள். யாழ் நாணயத்தில் இருந்தது. வாசித்தவன் கோர்ட்டில் நின்றான்!

நமக்கு இது புதிதா? பறை இன்று பல்கலைக்கழக விழாக்களில் முழங்குகிறது. அடித்தவனை ஊருக்கு வெளியே நிறுத்திய வழக்கம் இன்னும் எத்தனை ஊரில் மிச்சமிருக்கிறது? கருவியைப் போற்றுவது சுலபம். கருவியை ஏந்திய மனிதனுக்குச் சமமான இடம் கொடுப்பதுதான் பரீட்சை.

பஞ்சமும் கப்பலும்

இனி நமக்கும் அவர்களுக்கும் உள்ள நெருங்கிய உறவுக்கு வருகிறேன்.

1845ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழையின் ஒரே ஆகாரம் அதுதான். 1841ல் அந்த நாட்டில் சுமார் 82 லட்சம் ஜனங்கள் இருந்தார்கள். 1851ல் சுமார் 65 லட்சம் பேர்தான். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். ஜனங்கள் பட்டினியால் சாகும்போதே தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. லண்டன் கஜானாவில் நிவாரணத்தைக் கவனித்த அதிகாரி சார்லஸ் டிரெவெல்யன். சர்க்கார் உதவி அதிகமானால் ஜனங்கள் சோம்பேறிகளாகி விடுவார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். அவர்தான் 1859ல் நம் சென்னைக்குக் கவர்னராக வந்தவர்!

1876 முதல் 1878 வரை நம் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் சூறையாடியது. ஆள் மாறினாலும் சித்தாந்தம் மாறவில்லை. லட்சக்கணக்கில் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஐரிஷ்காரனை விரட்டிய அதே பசிதான் நம் பாட்டன் பூட்டனையும் விரட்டியது.

ஊரை விட்டுப் போனவன் எதைக் கையோடு கொண்டு போகிறான்? நிலத்தைக் கொண்டு போக முடியாது. பாட்டைக் கொண்டு போகிறான். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் காமன் கூத்து ஆடினார்கள். மலேசியாவில் இன்றும் உறுமி மேளம் முழங்குகிறது. அதேபோல ஐரிஷ்காரன் அமெரிக்காவுக்குப் பிடிலைக் கொண்டு போனான்.

கார்க் மாவட்டத்திலிருந்து போன பிரான்சிஸ் ஓநீல், சிகாகோ நகரப் போலீசின் தலைமை அதிகாரியாக 1901 முதல் 1905 வரை இருந்தார். போலீஸ் அதிகாரியைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொல்வது அபூர்வம். இவரைப் பற்றிச் சொல்கிறேன். குடிபெயர்ந்து வந்த ஐரிஷ்காரர்களிடம் கேட்டுக் கேட்டு 1,850 மெட்டுகளைத் திரட்டி 1903ல் புத்தகமாக வெளியிட்டார். 1914ல் அமெரிக்கா போன மைக்கேல் கோல்மன் என்ற பிடில்காரர் நியூயார்க்கில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் தாய்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தன. அங்குள்ள வாலிபர்கள் அவற்றைக் கேட்டுப் பயின்றார்கள். சொந்த நாட்டில் நலிந்த சங்கீதத்துக்கு, பிழைக்கப் போனவன் உயிர் கொடுத்தான்!

விளம்பரப் பலகையும் உணவுக் கப்பலும்

பிழைக்கப் போன இடத்தில் அவனுக்கு என்ன மரியாதை கிடைத்தது? இங்கிலாந்தின் கால்வாயையும் ரயில் பாதையையும் வெட்டியவர்களில் ஏராளமானோர் ஐரிஷ்காரர்கள். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்திரிகை விளம்பரங்களில், ‘ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்று அச்சிட்டார்கள். ‘அழுக்கன், குடிகாரன், கூலியைக் கெடுப்பவன்’ என்று ஏசினார்கள். இந்த வசவு உங்கள் காதில் எங்கேயோ கேட்டது போல் இல்லையா?

கூலியைக் குறைத்தவன் முதலாளி. பழி விழுந்தது அகதி மேல். இதைப் புரிந்துகொண்ட தொழிலாளி என்ன செய்தான்? 1913 ஆகஸ்டில் டப்ளின் நகரில் டிராம் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. முதலாளிகள் ஒன்றுகூடிக் கதவடைப்புச் செய்தார்கள். சுமார் இருபதாயிரம் தொழிலாளிகள் தெருவில் நின்றார்கள். குழந்தைகள் பட்டினி கிடந்தன. செப்டம்பர் மாதம் ‘ஹேர்’ என்ற கப்பல் டப்ளின் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்தது என்ன? உணவுப் பொட்டலங்கள்! அனுப்பியது யார்? பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள்! ஆண்ட தேசத்துத் தொழிலாளி, அடிமைத் தேசத்துத் தொழிலாளிக்குச் சோறு அனுப்பினான்.

அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கனாலி. 1916 எழுச்சியில் காயமுற்று, நிற்க முடியாத நிலையில், நாற்காலியில் உட்கார வைத்துச் சுடப்பட்டவர். அவர் 1907ல் நியூயார்க்கில் இருந்தபோது ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். பாட்டில்லாத இயக்கம் ஜனங்களின் இயக்கமாக முடியாது என்பது அவர் கருத்து.

அதே நாட்களில் டப்ளினில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இந்திய வாலிபர் ஒருவர் இவற்றையெல்லாம் பார்த்தார். அவர்தான் வி. வி. கிரி. நாடு திரும்பி ரயில்வே தொழிலாளர் சங்கங்களைக் கட்டினார். 1937ல் சென்னை மாகாணத்தின் தொழில் மந்திரியானார். பின்னர் 1969 முதல் 1974 வரை ஜனாதிபதி. 1920ல், பஞ்சாபில் ஜலந்தரில் இருந்த ஐரிஷ் சிப்பாய்கள் தங்கள் நாட்டில் பிரிட்டிஷார் செய்த கொடுமையை எதிர்த்து ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அந்தக் கலகத்துக்காக ஜேம்ஸ் டேலி என்ற வாலிபர் இந்திய மண்ணில் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பந்தம் என்ன என்று கேட்ட தோழருக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து அறைக்காரன்

இப்போது நம் குடியிருப்புக்கு வருவோம். உருட்டாலைகளிலும் வார்ப்படக் கூடங்களிலும் இன்று உலை முன்னால் நிற்பவர் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளம், அஸ்ஸாம் மாநிலத்துப் பிள்ளைகள். ஓர் அறையில் பத்துப் பேர். கான்டிராக்டர் கொடுத்ததே கூலி. விபத்து நடந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாது; சொல்லப் பாஷை தெரியாது. 2020 ஊரடங்கில் கல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையோடு நடந்தவர்கள் இவர்கள். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்களைப் பரப்பி, ‘தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள்’ என்று கிளப்பிவிட்டபோது அஞ்சி நடுங்கியவர்களும் இவர்களே.

“அவர்கள் பாட்டு புரியாது” என்கிறோம். பிக்காரி தாக்கூர் என்ற பெயரைக் கேட்டதுண்டா? 1887ல் பீகாரில் சாரண் ஜில்லாவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். பிழைப்புக்காகக் கரக்பூர் போனவர். திரும்பி வந்து போஜ்புரியில் நாடகக் குழு அமைத்தார். ‘பிதேசியா’ என்ற அவருடைய நாடகம், கல்கத்தாவுக்குச் சம்பாதிக்கப் போன கணவனையும் கிராமத்தில் காத்திருக்கும் மனைவியையும் பற்றியது. பக்கத்து அறையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த பையன் செல்போனில் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறானே, அந்தப் பாட்டுகளுக்கெல்லாம் இந்தக் கதைதான் ஊற்றுக்கண். இது நம் பாட்டி மலேயாவைப் பார்த்துப் பாடிய பாட்டல்லவா? இதில் புரியாதது என்ன?

2013ல் ஐரிஷ் விழா முதன்முறையாக வடக்கு அயர்லாந்தின் டெர்ரி நகரில் நடந்தது. 1972ல் ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற நகரம் அது. இரண்டு தரப்பாகப் பிரிந்து இரத்தம் சிந்திய ஊர். அந்த விழாவில் பிரிட்டிஷ் ஆட்சியை ஆதரிக்கும் தரப்பின் குழல் வாத்தியக் குழுக்களும் சேர்ந்து வாசித்தன. பகை ஒரே நாளில் மறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவன் பாட்டை ஒருவன் நின்று கேட்டான். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? நமக்குள் என்ன இரத்தப் பகை?

என் யோசனைகள்

தோழர்களே, அந்த விழாவிலும் இன்று விளம்பரக் கம்பெனிகளும் உல்லாசப் பிரயாண வியாபாரமும் நுழைந்திருக்கின்றன. அதை நாம் காப்பியடிக்க வேண்டாம். நல்லதை எடுத்துக் கொள்வோம்.

முதலாவது: ரிகார்டு டான்ஸ் வேண்டாம். இங்கே இருப்பவர்களே பாடட்டும், ஆடட்டும். நம் வடக்கத்திப் பாணித் தெருக்கூத்து, பம்பை, பறை, இருளர் மக்களின் பாட்டு, பழவேற்காட்டு மீனவர் பாட்டு ஆகியவற்றுக்கு முதல் இடம்.

இரண்டாவது: பீகார், ஒடிசாத் தோழர்களுக்கு மேடையின் நடுநேரம் கொடுப்போம். எல்லோரும் எழுந்து போன பிறகு, விடியற்காலையில் அல்ல. அறிவிப்பைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் செய்வோம். பாட்டின் பொருளை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆளை நியமிப்போம். நம் கூத்தின் கதையை அவர்களுக்கும் சொல்வோம்.

மூன்றாவது: ஐரிஷ்காரர்கள் விழாவோடு ஒரு வாரம் பாடசாலை நடத்துகிறார்கள். ‘இல்லின்’ என்ற துருத்திக் குழலை 1968ல் வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் கூட இல்லை. விடாமல் கற்றுக் கொடுத்தார்கள். 2017ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் கலையாக ஏற்றது. நாமும் பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குப் பறை கற்றுக் கொடுப்போம். எந்த ஜாதிக் குழந்தையானாலும், எந்த பாஷைக் குழந்தையானாலும் வரலாம்.

நான்காவது: பண்டிங் செய்ததைச் செய்வோம். நம் பெரியவர்கள் நாற்று நடும்போதும் ஒப்பாரி வைக்கும்போதும் பாடியவற்றை வாலிபர்கள் செல்போனில் பதிவு செய்யட்டும், நோட்டில் எழுதட்டும்.

ஐந்தாவது: கம்பெனி பணம் வேண்டாம். உண்டியல் ஏந்துவோம். பத்து ரூபாய் போட்டவன் ‘இது என் விழா’ என்பான். ஒடிசாக்காரனும் போடுவான், பாருங்கள்.

மேடையில் பாட்டுக்கு இடம் கிடைத்தவன், நாளை சங்கக் கூட்டத்தில் வாய் திறப்பான். உலை வெடித்தால் நம்மிடம் ஓடி வருவான். சம்பளம் பிடித்தால் நம்மோடு கேட்டில் நிற்பான். இன்று அவனை மேடையிலிருந்து தள்ளினால், நாளை நாம் கேட்டில் நிற்கும்போது அவன் உள்ளே வேலை செய்வான். எது வேண்டும்?

யோசனைகளை உங்கள் முன் வைத்து விட்டேன். விவாதியுங்கள். இன்று இரவே முடிவு எடுங்கள்; நாளை காலை ஷிப்ட் மாறும்போது பக்கத்து அறைக் கதவைத் தட்டி, “உங்களில் யார் பாடுவீர்கள்?” என்று கேளுங்கள்.