வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்

(உடப்பில் நடந்த தோட்டத் தலைவர், தலைவிமார் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலையில் கடற்கரைக்குப் போயிருந்தேன். மலையில் பிறந்த எனக்குக் கரைவலை இழுப்பது புதுக்காட்சி. ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்கிறார், கயிற்றைப் பிடித்தவர்கள் பதில் பாடுகிறார்கள், அந்தப் பதிலோடு கையும் இழுக்கிறது. "இந்தப் பாட்டையெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா ஐயா?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். "எழுதி வச்சா வலை வருமா தம்பி?" என்றார்.

வில்லிசைக்குப் பெயர்போன ஊர் இது. வில்லடிப்பவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட வேண்டும். அது தவறினால் கதை நொண்டும். அதனால் ஒத்திகைக்கு அவரும் வந்து உட்காருகிறார். நமது சங்கத்தில் மட்டும் ஒத்திகை கிடையாது. தொழில் அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்துதான் என்ன பேசுவது என்று யோசிக்கிறோம்.

நானே அப்படிப் போனவன்தான். ஒரு தோட்டத்தில் ஓர் அக்காவின் சேமலாப நிதிப் பிரச்சினை. சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டியிருந்தார்கள். தோட்டம் போடவேண்டிய 12 சதவீதமும் சேர்ந்து கணக்குக்குப் போகவேண்டும். பல மாதங்களுக்கு எதுவுமே போகவில்லை. நான் நல்ல தமிழில் நாலு பக்கம் எழுதி, இரவெல்லாம் மனதுக்குள் படித்துக்கொண்டு போனேன். அதிகாரி கேட்ட முதல் கேள்வி: "இவர் எப்போது வேலைக்குச் சேர்ந்தார்?" நான் தாளைப் புரட்டினேன். பதில் தெரிந்த அக்கா பக்கத்திலேயே இருந்தார். வாத்தியார் பேசும்போது நாம் ஏன் குறுக்கே பேசுவது என்று சும்மா இருந்துவிட்டார். விசாரணையை வேறொரு நாளுக்குத் தள்ளிப்போட்டார்கள். அவருக்கு ஒரு நாள் பேரும் போய், பஸ் காசும் போனது.

அடுத்த முறைக்கு முன் மூன்று இரவு லயத்து வாசலில் உட்கார்ந்தோம். அவருடைய மருமகன்தான் அதிகாரி. சும்மா சொல்லக்கூடாது, உண்மை அதிகாரியைவிட அவர் கடுமையாக இருந்தார்! முதல் தடவை அக்கா கணவர் இறந்ததில் தொடங்கினார். விஷயத்துக்கு வரவே பத்து நிமிஷம் ஆனது. இரண்டாம் தடவை அழுகை வந்தது. அந்த அழுகை வாசலிலேயே வந்து தீர்ந்தது நல்லதாகப் போயிற்று. நாலாம் தடவை "எந்த மாதத்திலிருந்து?" என்று மருமகன் கேட்டதும் சட்டென்று நிறுத்தி, "பொறு, பழைய சம்பளச் சீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கு" என்று எழுந்து போனார். அந்தச் சீட்டுகள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. மனதுக்குள் படித்திருந்தால் அவை பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

பொய் சொல்லப் பழக்குவதா இது என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. நடந்ததைத்தான் சொல்கிறோம். எதை முதலில் சொல்வது என்று வாய்க்குப் பழக்குகிறோம், அவ்வளவுதான். மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் மறந்தால் மனப்பாடம் முழுவதும் சரிந்துவிடும். "சேமலாப நிதி" வாயில் வராவிட்டால் "ஈபிஎப்" என்றே சொல்லுங்கள்.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் பேச நமக்கு உரிமை உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பவர் நடுவில் இருந்தால் இரண்டு வசனத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இதைப் பழகாதவர் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். அதில் பாதிதான் அதிகாரியின் காதுக்குப் போகும்.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மனுவைச் சங்கம் எழுதித் தரும். ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்குக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளை முதல் தடவையாக அங்கேயா கேட்பது?

1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய காலத்தில் மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாத நம் பாட்டிமாருக்கும் பாட்டு எட்டியது. அவர்கள் வாய் பழகியவர்கள். நாம்தான் தாளை நம்பத் தொடங்கிவிட்டோம்.

அந்த அக்காவின் விஷயம் இன்னும் முடியவில்லை. இரண்டாம் முறை அவரே பேசினார். அதிகாரி சீட்டுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். தோட்டத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. அடுத்த தவணைக்கு அக்காவும் மருமகனும் மறுபடி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

சரி, நான் பேசியது போதும். இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் அதிகாரி. எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வையுங்கள். முதல் கேள்வி: எப்போது வேலைக்குச் சேர்ந்தீர்கள்?