விசிறியின் சாய்வு



யுத்த விமானம் என்றதும் நம் இளைஞர் துப்பாக்கியையும் வேகத்தையுமே பேசுவர். நான் பேச எடுத்துக்கொண்டது விமானத்தின் மூக்கிலே சுழலும் விசிறியைப் பற்றி. அதன் அலகுகள் எவ்வளவு சாய்ந்து நிற்கின்றன என்பதில் 1940ஆம் ஆண்டிலே பல விமானிகளின் உயிர் தங்கியிருந்தது.

கடுகண்ணாவை இறக்கத்தில் சாரதி லொறியை முதலாம் கியரிலே வேகமாக ஓடவிட்டால் என்ன நடக்கும்? இயந்திரம் சில்லை ஓட்டுவது போய், சில்லு இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும், இயந்திரம் அலறும். தலைகீழாகப் பாயும் விமானத்திலும் இதுவே கதை. எதிர்க்காற்று விசிறியைச் சுழற்ற, விசிறி இயந்திரத்தை அளவுக்கு மேல் சுழற்றிவிடும். ஸ்பிற்பயரின் மேர்லின் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்றே எல்லை. பாய்ச்சலில் மட்டும் 3,600 வரை போகலாம். அதுவும் 20 விநாடிக்குத்தான். 600 சுற்றுத்தானே என்று எண்ணவேண்டாம். பிஸ்ரனை இழுத்துப் பிடிக்கும் தண்டின் மீதுள்ள விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் விசை 44 வீதம் கூடும். தண்டு முறிந்தால் இயந்திரத்தின் கதை முடிந்தது.

அலகின் சாய்வைக் கூட்டினால் அது காற்றை அதிகமாக அள்ளும்; இயந்திரம் அடங்கும். குறைத்தால் சுற்று ஏறும். நிலத்திலிருந்து கிளம்ப இதுவே வேண்டும். 1938இல் வந்த முதல் ஸ்பிற்பயர்களில் சாய்வு மாறாத மரவிசிறியே இருந்தது. பின்பு டி ஹவிலண்ட் கம்பனியாரின் உலோக விசிறி வந்தது. அதில் இரண்டே சாய்வு, இடையில் ஒன்றுமில்லை. மாற்றவேண்டியவர் விமானி. பகைவனைத் தேடுவதா, சாய்வை நினைப்பதா? 1931இல் விபத்தொன்றில் இரு கால்களையும் இழந்தும் மீண்டும் விமானியான டக்ளஸ் பேடர், 1940இல் பெருஞ்சாய்வை மாற்ற மறந்து கிளம்பப்போய், ஸ்பிற்பயரை மோதி நொறுக்கினார். தலையில் அடிபட்டும் உடனே வேறொன்றில் ஏறிப் பறந்தார் என்பது வேறு விஷயம். அவ்வளவு கெட்டிக்காரரே மறந்தாரென்றால், குற்றம் கருவியினது என்பதே என் அபிப்பிராயம்.

பரிகாரமாக வந்தது கவர்னர் என்னும் சிறு கருவி. நாட்டை ஆண்ட கவர்னர்களைப் போலன்றி இவர் ஓயாது உழைப்பவர்! இயந்திரத்தோடு சுழலும் சிறு எடைகள் இவரிடம் உண்டு. சுற்று ஏறினால் எடைகள் வெளியே விரிந்து ஒரு வால்வை அசைக்கும். வால்வு விசிறியின் குடத்துக்குப் போகும் எண்ணெயை மாற்ற, அலகுகள் தாமே கூடுதலாகச் சாயும். சுற்று இறங்கினால் ஒரு வில் எடைகளை உள்ளே தள்ள, அலகுகள் மறுபடி நிமிரும். எத்தனை சுற்று வேண்டுமென்று விமானி ஒரு பிடியால் சொல்லிவிட்டாற் போதும். அலகு சாயக்கூடிய கடைசி எல்லையைத் தாண்டிய பாய்ச்சலிலே மாத்திரம் இவரும் கைவிட்டுவிடுவார்.

1940 யூன் கடைசியில் டி ஹவிலண்ட் தொழிலாளர் எழுத்து ஒப்பந்தத்துக்கும் காத்திராமல் விமானத் தளங்களுக்கே போய், இரவு பகலாக இதைப் பூட்டினர். ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஸ்பிற்பயர்களும் ஹரிக்கேன்களும் மாற்றப்பட்டுவிட்டன. அவை விரைவாக ஏறின. முன்னிலும் பல ஆயிரம் அடி உயரம் எட்டின. பிரித்தானியாவின் வானத்துச் சமரும் அந்த வாரங்களிலேதான் முற்றியது.

நம் நாட்டுக்கும் இவ்விசிறி வந்தது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, யப்பானியர் கொழும்பைத் தாக்கிய அன்று, இரத்மலானையிலிருந்து கிளம்பிய ஹரிக்கேன்களில் இருந்தது இதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே எச்சரிக்கை வந்து சேரவில்லை. பகைவர் தலைக்கு மேல் வந்தபின்னரே விமானிகள் ஓடிப்போய் ஏறினர்.