பாடகர் குழுவின் ஜெராக்ஸ் கட்டு



ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வாழ்ந்த புனித கொலும்பாவைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. தம் ஆசிரியர் பினியனிடம் இருந்த திருப்பாடல் நூலை, அவரிடம் கேட்காமலேயே இரவுகளில் அமர்ந்து நகலெடுத்தாராம். ஆசிரியர் நகலைக் கேட்டார். இவர் தர மறுத்தார். வழக்கு மன்னரிடம் போயிற்று. பசு யாருடையதோ கன்றும் அவருடையது என்பதுபோல, நூலுக்கு உரியவருக்கே நகலும் உரியது என்று தீர்ப்பாயிற்று.

நம் மனம் என்னவோ கொலும்பாவின் பக்கமே சாய்கிறது. இறைவார்த்தை எல்லாருக்கும் உரியது, பரவட்டுமே! திருப்பாடல்களைப் பொறுத்தவரை அது சரிதான். பினியன் ஒன்றும் அவற்றை எழுதியவர் அல்லர். ஆனால் அதே நியாயத்தை நாம் பாட்டுப் புத்தகத்துக்கும் சொல்கிறோம். ஒரு புத்தகம் வாங்கி, நாற்பது ஜெராக்ஸ் எடுக்கிறோம். கேட்டால், "கோயில் காரியம்தானே!" என்கிறோம். அந்தப் பாடல்களை எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் பெரும்பாலும் நம் நடுவே வாழ்பவர்கள். கைக்காசைப் போட்டு அச்சிட்டு, விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு.

சட்டம் நம்மிடம் கடுமை காட்டவில்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், உண்மையான சமயச் சடங்கில் பாடல்களைப் பாடுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. திருமண ஊர்வலத்துக்குக்கூட அந்தச் சலுகை உண்டு. ஆகவே திருப்பலியில் பாடுவதற்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. புத்தகத்தை நகலெடுப்பதும், பாடல் தொகுப்பைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதும், எழுதியவரின் பெயரை விட்டுவிட்டு விழா மலரில் அச்சிடுவதும் வேறு. பாடலாசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளுக்கும் பதிப்புரிமை நீடிக்கிறது.

கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுவதைப் பற்றி யாக்கோபு தம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். வயலில் உழைத்தவர்களை முன்வைத்து அந்தப் பகுதியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். பாட்டு எழுதியவரை முன்வைத்து ஒருமுறையும் விளக்கியதில்லை. பீடத்துக்கு மேசை செய்து தந்த தச்சரை வெறுங்கையோடு அனுப்புவோமா?

நம் பங்கின் அலமாரியிலும் அந்த ஜெராக்ஸ் கட்டு கிடக்கிறது. பல ஆண்டுகளாகப் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டோம். இந்த வாரம் அதை எண்ணிப் பார்த்து, அத்தனை புத்தகங்களையும் பாடலாசிரியரிடமே விலைக்குக் கேட்கப் போகிறோம். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதமும் போகும்.