துப்பாக்கி யார் கையில்?

(திருநீர்மலையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



போன வாரம் படிப்பு வட்டத்தில் ஒரு வாலிபத் தோழர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, அமெரிக்காவிலே கத்தரிக்காய் வாங்குவது போலக் கடையிலே துப்பாக்கி வாங்கலாமாம். நம் நாட்டிலே மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு? ஜனங்கள் கையில் துப்பாக்கி இருந்தால் முதலாளி கொஞ்சம் பயப்பட மாட்டானா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கேள்வி நல்ல கேள்வி. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே சட்டம் என்பது கிடையாது. ஐம்பது ராஜ்யங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். 1791-ல் அவர்களுடைய அரசியல் சட்டத்தில் செய்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. ஆனால் அந்த உரிமையை எப்படி அனுபவிப்பது என்பது நீங்கள் எந்த ராஜ்யத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில் 1911 முதலே கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். வெர்மாண்டில் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க என்றைக்குமே லைசென்ஸ் கேட்டதில்லை. டெக்ஸாசில் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அதே கதைதான். நியூயார்க்காரர்கள் 'தக்க காரணம் காட்டினால்தான் வெளியே எடுத்துச் செல்ல லைசென்ஸ்' என்று வைத்திருந்த விதியையும் 2022-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. பலன்? 2021-ம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் அங்கே செத்தவர்கள் 48,000-க்கும் மேல். இதில் பாதிக்கு மேல் தற்கொலை. முதலாளி பயந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

இன்னொரு விஷயமும் கேளுங்கள். கலிபோர்னியா ராஜ்யத்தில் 1967 வரை, குண்டு போட்ட துப்பாக்கியைப் பகிரங்கமாகத் தூக்கிக்கொண்டு நடக்கச் சட்டம் இடம் கொடுத்தது. வெள்ளைக்காரர் தூக்கிய வரை யாரும் கவலைப்படவில்லை. ஓக்லண்ட் நகரத்தில் கறுப்புச் சிறுத்தைகள் என்ற கட்சியைச் சேர்ந்த நீக்ரோ வாலிபர்கள் – அன்று அப்படித்தான் எழுதினார்கள், இன்று கறுப்பின மக்கள் என்கிறோம் – போலீஸ் அக்கிரமத்தைக் கண்காணிக்கத் துப்பாக்கியோடு தெருவில் இறங்கினார்கள். அவ்வளவுதான்! உடனே மல்போர்ட் என்பவர் மசோதா கொண்டுவந்தார். மே 2-ந் தேதி சிறுத்தைகள் துப்பாக்கியோடு சட்டசபைக் கட்டிடத்துக்குள்ளேயே போய் ஆட்சேபம் தெரிவித்தார்கள். அந்த வருஷமே மசோதா சட்டமாயிற்று. கையெழுத்துப் போட்ட கவர்னர் யார் தெரியுமா? ரொனால்ட் ரீகன்! பின்னால் ஜனாதிபதியாகித் துப்பாக்கி உரிமைக்காரர்களின் செல்லப்பிள்ளையாக விளங்கிய அதே ரீகன்தான்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம்.

நம் சீமையில் ஜனங்களின் ஆயுதத்தைப் பறித்தது யார்? கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799-ல். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். அடுத்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பாளையக்காரச் சீமைகளில் ஆயுதமே கூடாது என்று பிரகடனம் போட்டான். பிறகு 1857 கலகம் வந்தது. நாடு முழுவதும் ஆயுதம் பறித்தார்கள். 1878-ல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். அதே வருஷம் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைப் பூட்டும் சட்டத்தையும் கொண்டுவந்தவன் அவன்தான். ஆயுதச் சட்டத்தில் வெள்ளைக்காரனுக்கு விலக்கு உண்டு, இந்தியனுக்கு லைசென்ஸ்!

அந்த நாளிலும் விலக்குப் பெற்ற இந்தியர் சிலர் இருந்தார்கள். பக்கத்துக் குடகுச் சீமைக் கதை ருசியானது. 1857-ல் விசுவாசமாக இருந்தார்கள் என்று குடகர்களுக்கு 1861-ல் கமிஷனர் மார்க் கப்பன் விலக்குக் கொடுத்தான். வெள்ளைக்காரன் போய் இத்தனை காலம் ஆகியும் அது நீடிக்கிறது. குடகு ஜாதியாருக்கும், ஜம்மா என்ற பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை. 2019-ல் மத்திய சர்க்கார் இதை 2029 வரை நீட்டித்தது. 2021-ல் கர்நாடக ஐகோர்ட்டும் செல்லும் என்றது. கைல்போடு பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அது அவர்கள் மரபு, அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அதே மண்ணில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவனுக்கு அந்த விலக்கு உண்டா? கிடையாது. யானை வந்தால் முதலில் எதிரே நிற்பவன் அவன்தான்.

இன்று நடப்பில் இருப்பது 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். அமலுக்கு வந்தது 1962 அக்டோபரில். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்தார்கள். சட்டம் தேசம் முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் லைசென்ஸ் கொடுக்கும் கை ஜில்லாவுக்கு ஜில்லா வேறு. 2016 டிசம்பர் கணக்கைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் 12 லட்சத்து 77 ஆயிரம் லைசென்ஸ். நம் தமிழ்நாட்டில் 22 ஆயிரத்துச் சொச்சம். அங்கே ஜனத்தொகை நம்மைப் போல மூன்று மடங்கு; லைசென்ஸோ ஐம்பது மடங்குக்கும் அதிகம்! கேரளத்தில் பத்தாயிரம் கூட இல்லை. சின்ன ஜம்மு-காஷ்மீரில் 3 லட்சத்து 69 ஆயிரம். அந்தக் காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியில்லாதவர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு இரண்டே முக்கால் லட்சம் லைசென்ஸ் கொடுத்தார்கள் என்று சி.பி.ஐ. வழக்கே நடத்துகிறது.

வடக்கே துப்பாக்கி கௌரவம் மட்டுமல்ல, பிழைப்பும்கூட. பாங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவல் நிற்க 'சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் வா' என்கிறார்கள். தறிக்காரன் தன் தறியையே தூக்கிக்கொண்டு ஆலைக்கு வேலைக்கு வருவது போல!

விளையாட்டையும் சொல்லிவிடுகிறேன், வாலிபர்கள் கேட்பார்கள். மெரினாவில் பலூன் சுடும் ஏர்கன் போன்ற சின்ன ரகத்துக்கு லைசென்ஸ் வேண்டாம். பந்தயத்துக்குச் சுடுவதென்றால் கிளப் வேண்டும், காசு வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக்ஸ் வரை போனார். ஆனால் பயிற்சி பெற்றது குஜராத்தில்.

விவசாயத் தொழிலாளிக்கு உயிர்ப் பிரச்னை காட்டுப் பன்றிதான். இங்கே திருநீர்மலையில் ஏரி வயலெல்லாம் வீட்டு மனையாகிவிட்டது. பன்றி தின்ன என்ன இருக்கிறது என்பீர்கள். மலையோர ஜில்லாக்களில் உங்கள் உறவுக்காரர்களைக் கேளுங்கள். 1959 சட்டத்திலேயே பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் இருக்கிறது. ஆனால் 1972-ன் வனவிலங்குச் சட்டப்படி பன்றியைச் சுட்டால் குற்றம். கேரள சர்க்கார் 2022-ல் ஒரு வழி செய்தது: பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு கொடுக்கலாம், லைசென்ஸ் உள்ளவர் சுடலாம். நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவு வேறு விதம். காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைத்தான் சுடலாம்; அதையும் வனத்துறை ஆட்கள்தான் சுட வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கடலைக் கொல்லையில் பன்றி புகுந்தால் வனத்துறையைத் தேடி எங்கே போவது? கடைசியில் நிலக்காரர் திருட்டுத்தனமாக மின்சாரக் கம்பி கட்டுகிறார். விடியற்காலை களை எடுக்கப் போகிறவள் அதில் மாட்டிச் சாகிறாள். துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கம்பியையும் சேர்த்துப் பேசவேண்டும். கேரளத்து ஏற்பாடு நமக்கும் வேண்டும், அதோடு செத்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வாலிபத் தோழருக்கு நேரடிப் பதில் இன்னும் பாக்கி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டவர்கள் மேல் மிராசுதார் கூட்டம் துப்பாக்கியோடு வந்தது. ஓடி ஒளிந்த குடிசைக்குத் தீ வைத்தது. 44 பேர் சாம்பலானார்கள். ஆயுதச் சட்டம் அன்றும் அமலில்தான் இருந்தது, தம்பி! அது அந்தத் துப்பாக்கிகளைத் தடுத்ததா? சட்டத்தைத் தளர்த்தியிருந்தால் மட்டும் அந்தக் கூலிக்காரன் வாங்கியிருப்பானா? அரைப்படி நெல்லுக்கு வழியில்லாதவன் எந்தக் காசில் வாங்குவான்? வாங்கியவனும் மிராசுதாராகத்தான் இருந்திருப்பான்.

கடைசியாக, தாம்பரம் ஸ்டேஷனில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவரிடம் சில மாதம் முன் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா காலத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு ஏரிக்கரையில் கொக்கும் நரியும் சுட்டுப் பிழைத்தார்களாம். 1972 சட்டம் வேட்டையை நிறுத்தியது. பதிலுக்கு என்ன தொழில் என்று யாரும் சொல்லவில்லை. ஊசி, பாசி என்று மாறினார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவே 2023 ஜனவரி வரை காத்திருந்தார்கள். "துப்பாக்கி இன்னும் இருக்கா ஐயா?" என்றேன். "லைசென்ஸோட இருக்கு சாமி. எலக்சன் வந்தா டேசன்ல குடுப்போம், முடிஞ்சா வாங்குவோம். சுடத்தான் ஒண்ணும் இல்லே" என்றார்.

உங்களில் யார் வீட்டிலாவது பரணில் தாத்தா காலத்துத் துப்பாக்கி துருப்பிடித்துக் கிடந்தால் அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் கிடப்பதே குற்றம். தனியாகப் போக வேண்டாம். நம் தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, நம்பர் போட்ட ரசீதைக் கையோடு வாங்கி வாருங்கள்.